தம்பிக்கு மூளையில் லேசர்: எதற்கெல்லாம் கவனமாக இருப்பது?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 34 வயது, இனிப்பு நீரும் உண்டு. பன்னிரண்டு வருடமாக வலிப்பு. மூன்று மருந்து சாப்பிட்டும் மாதம் நான்கைந்து தடவை வருகிறது. மூளையின் இடது பக்கத்தில் ஹிப்போகாம்பஸ் என்கிற ஞாபகப் பகுதி சுருங்கியிருக்கிறதாம். மண்டையைத் திறக்காமல் லேசரால் சுட்டுவிடலாம், ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். சிக்கல் வராமல் இருக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (ஓர் அக்கா, சுங்கை சிப்புட்)

பதில்: வணக்கம் அம்மா. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மண்டையில் போடும் துளை சின்னது என்பதால் ஆபரேஷனும் சின்னது என்று நினைக்க வேண்டாம். உள்ளே போகும் லேசர் குழாய் விளக்குமாற்று ஈர்க்குச்சி அளவுதான், ஆனால் அது போய் நிற்கும் இடம் மூளையின் நடு ஆழம். வழியில் ஒரு ரத்தக் குழாயில் பட்டால் ரத்தம் கசியும். அதனால்தான் முன்கூட்டியே சாயம் ஏற்றி எம்ஆர்ஐ எடுத்து, ரத்தக் குழாய் இல்லாத பாதையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாதி ஆபத்து இந்தத் திட்டமிடலிலேயே கழிந்துவிடும்.

அடுத்தது சூடு. 60 டிகிரிக்கு மேல் போனால் திசு உடனே வெந்துவிடும், நாற்பத்தைந்தை ஒட்டி இருந்தால் சில நிமிடம் பிடிக்கும். தம்பி எம்ஆர்ஐ மெஷினுக்குள் படுத்திருக்கும்போதே எந்த இடம் எவ்வளவு சூடாகிறது என்று திரையில் தெரியும், தொடக்கூடாத இடத்தில் சூடு எல்லை மீறினால் லேசர் தானே நின்றுவிடும்படி வைப்பார்கள். ஆனாலும் திரையில் காட்டும் சூடு தவறாகலாம், சுடக்கூடாத இடமும் வெந்துவிடலாம் என்று 2018 ஏப்ரலில் அமெரிக்க அரசின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மருத்துவர்களை எச்சரித்தது. ஆகவே மெஷின் புதுசா என்று கேட்பதைவிட, "இதே ஆபரேஷனை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், ரத்தம் கசிந்தால் உடனே திறந்து பார்க்க வசதி இருக்கிறதா?" என்று கேளுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

ஹிப்போகாம்பஸ் பக்கத்திலேயே பார்வைக்கான நரம்புப் பாதை வளைந்து போகிறது. அது சுடப்பட்டால் பார்வையின் மேல் மூலை ஒன்று மறைந்துவிடும், உங்கள் தம்பிக்கு இடது பக்கம் என்பதால் வலது மேல் மூலை, இரண்டு கண்ணிலும். கண்ணாடி போட்டாலும் சரியாகாது. எனவே முன்னும் பின்னும் பார்வைப் பரப்பு சோதனை செய்யச் சொல்லுங்கள். இடது பக்கத்தில் சொல், பெயர் ஞாபகமும் இருக்கிறது. ஞாபகச் சோதனையை அவருக்கு நன்றாக வரும் மொழியில் வைக்கச் சொல்லுங்கள், தமிழில் யோசிக்கிறவரை ஆங்கிலத்தில் கேட்டால் மதிப்பெண் சரியாக வராது.

சரி, உங்கள் கையில் இருப்பவை. ஆஸ்பிரின், மூட்டுவலி மாத்திரை, நாட்டு மருந்து, மீன் எண்ணெய் எதுவானாலும் பெட்டியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், சிலது ரத்தத்தை இளக்கும், எதை எப்போது நிறுத்துவது என்று அவர்களே சொல்லட்டும். அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள், எம்ஆர்ஐ அறைக்கு உலோகம் ஆகாது. அப்புறம் நான் பலமுறை பார்த்த ஒரு தவறு: பசியாறக் கூடாது என்று சொன்னதும் காலை வலிப்பு மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள், ஆஸ்பத்திரி வாசலிலேயே வலிப்பு வந்துவிடுகிறது. பெரும்பாலும் ஒரு மிடறு தண்ணீரோடு அதைப் போடச் சொல்வார்கள், முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இனிப்பு நீர் மருந்தை அப்படிப் போடக்கூடாது, அதைத் தனியாகக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். சுட்ட இடத்தைச் சுற்றி வீக்கம் சில நாள் கழித்துத்தான் ஏறும், அதற்கு ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள், அது சீனியை விறுவிறுவென்று ஏற்றிவிடும். தம்பிக்குத் தினமும் குத்திப் பாருங்கள், ஆனால் சீனி ஏறுகிறது என்று ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், போன் போட்டுக் கேளுங்கள். உங்கள் வீடு தோட்டத்துக்குள்ளே, மழைக்குச் சேறாகும் மண் ரோட்டில் இருந்தால், அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது. தலைவலி கூடிக்கொண்டே போய் வாந்தி வந்தால், தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டால், கை கால் தளர்ந்தால், பேச்சு குழறினால், காய்ச்சல் வந்தால், தையலில் தண்ணீர்போல் கசிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் 999, கையில் இரும்பு கொடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

முதல் சில நாளில் ஒன்றிரண்டு வலிப்பு வந்தாலும் ஆபரேஷன் வீண் என்று அர்த்தமில்லை. முழுக்க நிற்பது லேசரில் பாதிப் பேருக்குச் சற்று மேல், திறந்து செய்தால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இதையும் உங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். வலிப்பு மாத்திரைகள் தொடரட்டும், மோட்டார் சைக்கிள் சாவி அவர்கள் சொல்லும்வரை அம்மாவிடமே இருக்கட்டும்.