மகளின் போர்ட்ஃபோலியோ: எதைச் செய்யலாம், எதற்குப் பணம் கட்ட வேண்டாம்

கேள்வி: என் மகள் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அரியர் இல்லை. ஆன்லைன் சான்றிதழ் ஒன்பது வைத்திருக்கிறாள். போர்ட்ஃபோலியோ (தானே செய்த பிராஜெக்ட்டுகளைக் காட்டும் தொகுப்பு) இல்லாவிட்டால் வேலை கிடைக்காது என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். ஒரு பயிற்சி மையத்தில் 18,000 ரூபாய் கட்டினால் ஐந்து பிராஜெக்ட்டோடு போர்ட்ஃபோலியோ செய்து தருகிறார்களாம். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். அந்த ஐந்து பிராஜெக்ட்டும் அதே மையத்தில் பணம் கட்டிய மற்ற பிள்ளைகளின் கணக்கிலும் இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் நேர்காணலில் வரும். எதிரே இருப்பவர் கிட்ஹப் (எழுதிய கோடை ஆன்லைனில் வைத்துக் காட்டும் தளம்) பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்த டேபிளில் மொபைல் நம்பரை ஏன் பிரைமரி கீயாக (ஒவ்வொருவரையும் அடையாளம் காட்டும் எண்ணாக) வைத்தீர்கள்? ஒருவர் நம்பரை மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேட்பார். எழுதியவளுக்கு இது இரண்டு நிமிடப் பேச்சு. வாங்கியவளுக்கு அங்கேயே முடிந்துவிடும். ஃபைனல் இயர் பிராஜெக்ட்டை பிராஜெக்ட் சென்டரில் வாங்கும் வழக்கம் நம் ஊரில் எவ்வளவு பழையது என்பது நேர்காணல் எடுப்பவர்களுக்கும் தெரியும். அவர்களில் பலர் அதே கல்லூரிகளில் படித்து வந்தவர்கள்தானே.

சீனியர்கள் சொன்னது பாதிதான் உண்மை. கல்லூரிக்கு வந்து நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கும் பெரிய சர்வீஸ் நிறுவனங்கள் முதல் சுற்றில் யாருடைய கிட்ஹப்பையும் திறந்து பார்ப்பதில்லை. ஆப்டிட்யூட், கோடிங் டெஸ்ட், மதிப்பெண் வரம்பு இவற்றில்தான் வடிகட்டுகிறார்கள். அங்கே பிராஜெக்ட் பேச்சு வருவது டெக்னிக்கல் நேர்காணலில் மட்டும். ஆஃப் கேம்பஸ் (கல்லூரிக்கு வெளியே தேடும் வேலை), சிறிய நிறுவனங்கள், ஸ்டார்ட்அப், இன்டர்ன்ஷிப், தெரிந்தவர் மூலம் போகும் ரெஸ்யூமே ஆகியவற்றில் கதை வேறு. கல்லூரிப் பெயர் தெரியாத ஒரு பிள்ளையைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதை அங்கே அந்த போர்ட்ஃபோலியோ லிங்க் முடிவு செய்யலாம். ஆகவே வாரத்துக்குப் பத்து மணி நேரம் கிடைத்தால் ஐந்தைக் கோடிங் பயிற்சிக்கும், நான்கை பிராஜெக்ட்டுக்கும், ஒன்றை டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடங்களைத் திருப்பிப் பார்ப்பதற்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். பிராஜெக்ட் மோகத்தில் கோடிங் பயிற்சியை விட்டுவிட்டு டெஸ்ட்டிலேயே வெளியேறும் பிள்ளைகளும் உண்டு.

எத்தனை பிராஜெக்ட்? இரண்டு போதும். கால்குலேட்டர், டூ-டூ லிஸ்ட், வானிலை ஆப், ஏதாவது ஒரு சினிமாத் தளத்தின் நகல் ஆகியவை கற்றுக்கொள்ள நல்லவை, காட்டுவதற்கு உதவாதவை. யூடியூபில் இருப்பதை அப்படியே தட்டச்சு செய்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். பக்கத்திலேயே ஒரு நிஜத் தேவை இருந்தால் அதை எடுக்கட்டும். வீட்டிலோ தெருவிலோ யாராவது மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பார்கள். குழுவின் சேமிப்பு, உள்கடன் கணக்கை எழுத ஒரு வெப் ஆப் செய்யலாம். கேட்க எளிதாக இருக்கும். உள்ளே போனால்தான் அதன் முடிச்சுகள் தெரியும்.

ஒரு உறுப்பினர் 10,000 ரூபாய் கடன் வாங்குகிறார் என்று வையுங்கள். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, நிலுவைக்கு மட்டும். பத்துத் தவணை, தவணைக்கு அசல் 1,000. முதல் மாத வட்டி 100, அடுத்தது 90, கடைசி மாதம் 10. மொத்த வட்டி 550. இதுவரை எந்த மாணவியும் எழுதிவிடுவாள். இப்போது அந்த அம்மா முதல் மாதம் 1,100-க்குப் பதில் 700 மட்டும் கட்டுகிறார். முதலில் வட்டியைக் கழித்தால் அசலில் 600 குறைந்து நிலுவை 9,400, அடுத்த மாத வட்டி 94. முதலில் அசலைக் கழித்தால் நிலுவை 9,300 ஆகி, பழைய வட்டி 100 தனியாகத் தொங்கும். எது சரி? அதைப் புத்தகத்தில் தேட முடியாது. குழுவின் ஊக்குநரிடம் கேட்டு, பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கோடு எழுதுவதற்கு முன் இப்படி இரண்டு கூட்டங்களில் போய் உட்கார்ந்து குறிப்பெடுக்கச் சொல்லுங்கள்.

இதில் மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் மூன்று இடங்கள் உண்டு. பணத்தைத் தசம எண்ணாக வைப்பார்கள். கணினியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும், ஏனென்றால் அது இரண்டின் அடுக்குகளில் எண்ணுகிறது, 0.1 அதில் முழுசாக அடங்காது. அதனால் எல்லாத் தொகையையும் பைசாவில் முழு எண்ணாக வைக்க வேண்டும்: 93 ரூபாய் 50 பைசா என்றால் 9350. இரண்டாவது, பங்கு பிரிப்பது. 1,000 ரூபாயைப் பதினைந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 66.66, கூட்டினால் 999.90. மீதிப் பத்துப் பைசா எங்கே போகிறது என்பதற்கு நிரலில் ஒரு விதி இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆண்டு இறுதியில் கணக்கு இடிக்கும். மூன்றாவது, தவறான பதிவை அழிக்க ஒரு பட்டன் வைப்பார்கள். கணக்கு நோட்டில் யாரும் அழிப்பதில்லை. எதிர்ப்பதிவு போட்டுத்தான் நேர் செய்வார்கள். ஆப்பும் அப்படியே செய்ய வேண்டும். இந்த மூன்றையும் ஏன் இப்படிச் செய்தேன் என்று அவளால் விளக்க முடிந்தால், நேர்காணலில் அரை மணி நேரம் அவள் கையில்.

இரண்டாவது பிராஜெக்ட் சிறியதாக இருக்கலாம். தமிழ்ச் சொற்களைத் தேடும் ஒரு கருவியைப் பரிந்துரைப்பேன். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்ட்டிடமோ பைத்தானிடமோ கேட்டால் 5 என்று சொல்லும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்துதான். கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் இகரக் குறியும் மெய்ப்புள்ளியும் தனிக் குறிகள் என்பதுதான் காரணம். அதைக் குறி குறியாகத் திருப்பிப் போட்டால் புள்ளி முன்னால் வந்து சொல் சிதையும். 'கொடி' இன்னும் வேடிக்கை. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் சேர்த்து இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் தேடினால் ஒன்று மற்றொன்றைக் கண்டுபிடிக்காது. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர யூனிகோட் நார்மலைசேஷன் என்ற முறை இருக்கிறது. இதை இருநூறு வரிக் கோடில் செய்து, அதைத் தானாகச் சோதிக்கும் டெஸ்ட்டும் எழுதி வைத்தால், ஐயாயிரம் வரி நகலைவிட மதிப்பு அதிகம்.

ஏஐ கருவிகளை வைத்து எழுதலாமா என்று கேட்பாள். எழுதட்டும், வேலையிலும் அதைத்தான் செய்யப் போகிறாள். ஒரே நிபந்தனை: அவளால் விளக்க முடியாத ஒரு வரிகூட ரெப்போவில் (ஒரு பிராஜெக்ட்டின் கோடு இருக்கும் கிட்ஹப் கோப்புறை) இருக்கக் கூடாது. "இந்த வட்டியை மாதத்துக்குப் பதில் நாள் கணக்கில் மாற்றுங்கள், நான் பார்க்கிறேன்" என்று லேப்டாப்பைத் திருப்பி வைப்பவர்கள் இப்போது இருக்கிறார்கள்.

இனி கிட்ஹப். கோடில் செய்த மாற்றத்தை ஒரு குறிப்போடு சேமிப்பதுதான் கமிட். கமிட் வரலாற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு டைரி. ஒரே இரவில் மொத்தக் கோடும் ஒரே கமிட்டில் ஏறியிருந்தால், எங்கிருந்தோ வந்தது என்றுதான் நினைப்பார். 'ஃபைனல்', 'ஃபைனல் 2' என்று குறிப்பு எழுதுவதை விட்டு, 'பகுதித் தவணையில் முதலில் வட்டியைக் கழிக்கிறது' என்பதுபோல, செய்ததை எழுத வேண்டும். எந்தெந்த நாளில் கமிட் செய்தார் என்று புரொஃபைலில் காட்டும் பச்சைக் கட்டங்களை நிரப்புவதற்காகத் தினமும் ஒரு காற்புள்ளியை மாற்றும் பழக்கம் ஒன்று இருக்கிறது. கமிட்டின் தேதியை யாரும் பின்னோக்கிப் போட முடியும் என்பதால் அந்தக் கட்டங்களை விவரம் தெரிந்தவர்கள் நம்புவதில்லை. கல்லூரி லேப் கணினியில் வேலை செய்தால் இன்னொரு சிக்கல்: கமிட்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருளின் அமைப்பில் முன்பு உட்கார்ந்தவரின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும், இவள் எழுதியதெல்லாம் அந்த மாணவர் பெயரில் பதிவாகும். முதல் கமிட்டுக்கு முன் அதைச் சரிபார்க்க வேண்டும்.

புரொஃபைலில் ஆறு ரெப்போ வரை மேலே பின் செய்ய கிட்ஹப் இடம் தருகிறது. ஆறையும் நிரப்ப வேண்டியதில்லை, இரண்டோ மூன்றோ போதும். மற்றவர் ரெப்போவை ஃபோர்க் செய்து (தன் கணக்குக்கு நகலெடுத்து) ஒரு வரிகூட மாற்றாமல் பின் செய்வது வேண்டவே வேண்டாம். பயனர் பெயரிலேயே ஒரு ரெப்போ திறந்து அதில் ரீட்மீ (அறிமுகக் குறிப்பு) எழுதினால் அது புரொஃபைலின் முகப்பாகத் தெரியும். அங்கே பத்து வரி எழுதினால் போதும். ஓடும் அனிமேஷனும் முப்பது மொழிகளின் லோகோவும் இருந்தால், எந்த மொழி உண்மையில் தெரியும் என்ற சந்தேகம்தான் வரும்.

ஒவ்வொரு பிராஜெக்ட்டின் ரீட்மீயும் இந்த வரிசையில் இருக்கட்டும்: யாருக்காக, என்ன செய்கிறது என்று இரண்டு வரி, ஒரு ஸ்கிரீன்ஷாட், லைவ் லிங்க், உள்ளே நுழைய டெமோ பயனர் பெயரும் கடவுச்சொல்லும், தன் கணினியில் ஓட்டிப் பார்க்கத் தேவையான கட்டளைகள், எடுத்த முக்கிய முடிவுகளும் காரணங்களும், இன்னும் சரியாகாத குறைகள். கடைசிப் பகுதியை எல்லோரும் விட்டுவிடுவார்கள். அனுபவசாலிகள் முதலில் படிப்பது அதைத்தான். டெமோவில் குழுப் பெண்களின் நிஜப் பெயர், போன் நம்பர், ஆதார் எதுவும் இருக்கவே கூடாது. கற்பனைப் பெயர்களைப் போட வேண்டும்.

பாஸ்வேர்டும் ஏபிஐ கீயும் (வெளிச் சேவைகளைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறி) கோடோடு சேர்ந்து பப்ளிக் ரெப்போவுக்குப் போவது அடிக்கடி நடக்கும் விபத்து. பதறிப்போய் அடுத்த கமிட்டில் அழிப்பார்கள். அழித்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும், இப்படிப்பட்ட கீகளைத் தேடிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்களும் உண்டு. கிளவுட் கணக்கின் கீயாக இருந்தால் பில் உங்கள் கார்டுக்கு வரும். முதல் வேலை அந்தக் கீயையே ரத்து செய்து புதியது வாங்குவது. வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு.

செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். போர்ட்ஃபோலியோ பக்கத்தை கிட்ஹப் பேஜஸில் இலவசமாக வைக்கலாம். சொந்த டொமைன் (தனி இணைய முகவரி) கட்டாயமில்லை. வாங்கினால் முதல் ஆண்டு விலையை மட்டும் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையையும் பாருங்கள். டேட்டாபேஸோடு ஓடும் ஆப்புக்கு ரெண்டர் போன்ற தளங்களில் இலவசத் திட்டம் உண்டு. ஆனால் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் அது தூங்கிவிடும், அடுத்தவர் திறக்கும்போது எழுந்திருக்க ஒரு நிமிடம்வரை ஆகும். நேர்காணல் எடுப்பவர் அவ்வளவு நேரம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அதனால் லிங்க்குக்குப் பக்கத்திலேயே 'முதல் முறை திறக்க ஒரு நிமிடம் ஆகலாம்' என்று எழுதி, ஒன்றரை நிமிட வீடியோ ஒன்றையும் வைக்க வேண்டும். இலவச டேட்டாபேஸ்கள் சில குறிப்பிட்ட நாளில் காலாவதியாகும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கட்டும். பழைய வீடியோக்கள் ஹெரோக்குவில் ஏற்றச் சொல்லும். அங்கே இலவசத் திட்டம் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டது.

மொபைல் ஆப்பாகச் செய்து பிளே ஸ்டோரில் போட்டால் கெத்து என்று தோன்றலாம். பதிவுக்கு 25 டாலர் ஒருமுறைக் கட்டணம் உண்டு. புதிய தனிநபர் கணக்காக இருந்தால் 12 பேரை வைத்து 14 நாள் சோதனை ஓட்டிய பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்க முடியும். முதல் பிராஜெக்ட்டுக்கு வெப் ஆப்பே நல்லது. லிங்க்கைத் தொட்டால் திறந்துவிடும்.

ஓப்பன் சோர்ஸ் (கோடு எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்) பங்களிப்பு நல்லதுதான், அவசரம் இல்லை. தான் பயன்படுத்தும் ஒரு லைப்ரரியில் (பிறர் எழுதிவைத்த தயார்க் கோடு) உண்மையிலேயே சிக்கிய ஒரு பிழையைச் சரிசெய்து அனுப்பினால் அதற்கு எடை உண்டு. ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புக்காக ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்டில், 2020-இல் டி-ஷர்ட்டுக்காக ரீட்மீயில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பும் வேலை பெருகிப்போய், ரெப்போ நடத்துபவர்கள் தாங்களாக ஒப்புக்கொண்டால்தான் போட்டியில் சேர்ப்பது என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்த மாதிரிப் பங்களிப்பு வேண்டாம். கூகுள் சம்மர் ஆஃப் கோடு (ஓப்பன் சோர்ஸ் அமைப்புகளில் வேலை செய்பவர்களுக்குக் கூகுள் உதவித்தொகை தரும் திட்டம்) பற்றிக் கேள்விப்பட்டால், அதற்கு விண்ணப்பிப்பதற்குச் சில மாதம் முன்பே தான் சேர விரும்பும் அமைப்போடு வேலை செய்யத் தொடங்கியிருக்க வேண்டும்.

ரெஸ்யூமே ஒரே பக்கம். ஒன்பது சான்றிதழில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம். பிராஜெக்ட்டுக்கு மூன்று வரி. அதில் 'ரியாக்ட், நோட் பயன்படுத்தினேன்' என்பதைவிட 'ஒரு குழு மூன்று மாதமாக இதில் கணக்கு எழுதுகிறது' என்பது கனமானது. உண்மையாக இருந்தால் மட்டும் எழுத வேண்டும், ஏனென்றால் அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும்.

காலக்கணக்கு: ஏழாம் செமஸ்டர் தொடக்கத்தில் பிளேஸ்மென்ட் வந்துவிடும் என்று வைத்தால், ஆறாம் செமஸ்டர் தொடக்கத்திலிருந்து சுமார் 24 வாரம் கிடைக்கும். குறிப்பெடுக்க இரண்டு வாரம், எழுத எட்டு வாரம், ஆன்லைனில் ஏற்ற ஒரு வாரம். பிறகு ஐந்து வாரம் குழுப் பெண்கள் பயன்படுத்தி, அவர்கள் சொல்லும் குறைகளைச் சரிசெய்யட்டும். இந்த ஐந்து வாரத்தைச் சுருக்க வேண்டாம், நேர்காணலில் பேச விஷயம் கிடைப்பது இங்கேதான். தமிழ்த் தேடல் கருவிக்கு நான்கு வாரம். மீதி ரெஸ்யூமேக்கும் மாக் (மாதிரி) நேர்காணலுக்கும். செமஸ்டர் தேர்வு நடுவில் இரண்டு வாரம் தின்றுவிடும், அதற்காகத்தான் கடைசியில் கொஞ்சம் தளர்வு.

உங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. இன்னும் எத்தனை சான்றிதழ் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை அந்த ஆப்பில் என்ன மாற்றினாள் என்று ஐந்து நிமிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் நேர்காணலிலும் முடியும். லிங்க்கை வெளியே அனுப்புவதற்கு முன் உங்கள் போனில், வீட்டு வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில், அவள் கணக்கு எதிலும் நுழையாமல் ரெஸ்யூமே பிடிஎஃப்பில் உள்ள ஒவ்வொரு லிங்க்கையும் தொட்டுப் பாருங்கள். ரெப்போவை பிரைவேட்டாக வைத்திருந்தால் அவள் திரையில் அது நன்றாகத் திறக்கும், உங்கள் போனில் 404 (பக்கம் இல்லை) என்று வரும்.