மண்சரிவு ஆய்வுகள் மலையகத் தோட்டத்துக் கோயிலையும் காமன் கூத்துப் பாட்டுக் கொப்பிகளையும் காப்பாற்றுமா?

காப்பாற்றும், ஆய்வு தரும் மழை எண்களை நம் பொருள்களோடு இணைத்தால். இலங்கையில் மண்சரிவை எச்சரிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை அளவுகள் எளியவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். ஆகவே 75இலேயே உற்சவமூர்த்தி, தப்பு, உருமி மேளங்கள், நம் மரபு நாடகமான காமன் கூத்தின் பாட்டுக் கொப்பிகள் (குறிப்பேடுகள்) எல்லாம் ஆபத்தில்லாத இடத்துப் பாடசாலைக்குப் போய்விட வேண்டும். 150இல் எதற்காகவும் திரும்பாதீர்கள். 2014 அக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மண்ணில் புதைந்ததை மறக்க முடியுமா?

கொப்பிகளை இப்போதே கைத்தொலைபேசியில் படமெடுங்கள். கூத்து வாத்தியாரைப் பாடச் சொல்லிப் பதிவும் செய்யுங்கள். ராகம் கொப்பியில் இல்லையே! கோயிலுக்கு மேலுள்ள கான்களையும் (வடிகால்களையும்) மழைக்கு முன்பே வெட்டித் துப்புரவாக்குங்கள். தேங்கும் நீர்தான் சரிவை இளக்குகிறது.