பிள்ளை ஆசைப்படும் காலேஜுக்கு நம்மிடம் பணம் இல்லை என்றால், அதை அவர்களிடமே சொல்லலாமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை எனக்குப் புரிகிற வரையில் இதுதான். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கோயமுத்தூரில் ஒரு தனியார் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும் என்கிறாள். கையில் அவ்வளவு இல்லை. சொன்னால் மனசு விட்டுப்போவாளா, சத்தமில்லாமல் கடன் வாங்கிச் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

சொல்லுங்கள். தொகையாகவே சொல்லுங்கள். "நம்மால முடியாது கண்ணு" என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் பிள்ளைக்கு அது அப்பாவின் கஞ்சத்தனமாகத்தான் கேட்கும். "நாலு வருசத்துக்கும் சேர்த்து என்னால் 4 லட்சம் முடியும், அதுக்கு மேலே போனா கடன், அந்தக் கடன் உன் பேரிலும் இருக்கும்" என்று சொன்னால் அது கணக்கு. கணக்கு போடத் தெரிந்த வயசுதானே அவர்களுக்கு.

நான் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கொஞ்சம் தென்னை, மாடுகள், சொசைட்டிக்குப் பால். மகள் பத்து வரை தமிழ் மீடியம், பிளஸ் டூ இங்கிலீஷில், எல்லாமே அரசுப் பள்ளி. 2025இல் கீம், அதாவது கேரளத்தின் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு எழுதினாள். அந்த வருடம் என்ன நடந்தது என்று கேரளத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜூலை ஆரம்பத்தில் ரேங்க் லிஸ்ட் வந்தது. மதிப்பெண் கணக்கிடும் முறையைக் கடைசி நேரத்தில் மாற்றியது செல்லாது என்று ஐகோர்ட் ரத்து செய்தது. பழைய முறைப்படி புது லிஸ்ட் போட்டார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைகள் பலர் பின்னால் போனார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. யார் பக்கம் நியாயம் என்று பேச நான் ஆள் இல்லை. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வயிற்றெரிச்சல் இருந்திருக்கும்.

அந்த வாரம்தான் ஏஜென்ட் போன் செய்தான். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று இன்று வரை தெரியாது. "சார், கீமை நம்பி உட்கார்ந்தா கோயமுத்தூர் சீட்டும் போயிரும். இன்னிக்கே 25 ஆயிரம் போட்டு பிளாக் பண்ணிருங்க." அவன் சொன்ன பீஸ் வெறும் டியூஷன் பீஸ். ஹாஸ்டல், மெஸ், பஸ், எக்ஸாம் பீஸ், யூனிபார்ம், லேப்டாப், பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக் கூட்டினால் நாலு வருசத்துக்கு 10 லட்சத்தைத் தொட்டது. ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவன் குரலில் மரியாதை குறைந்துகொண்டே வந்தது.

அன்று ராத்திரி வரவு செலவு நோட்டை மகள் முன்னால் வைத்தேன். வீட்டுக்காரிக்குப் பிடிக்கவில்லை. "கொழந்தைக்கு எதுக்கு இந்தப் பாரம்?" என்றாள். நான் கேட்கவில்லை. பால் பணம் எவ்வளவு, அதில் தீவனத்துக்கு எவ்வளவு போகிறது, தேங்காய் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, நகைக்கடன் எவ்வளவு நிற்கிறது, எல்லாம் அதில் இருந்தது. மகள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "சித்தப்பாவுக்குக் கொடுத்த 40 ஆயிரம் எங்கேப்பா? வரவுல வரவே இல்லையே?" என்னிடம் பதில் இல்லை. நோட்டைத் திறந்தால் இதுவும் நடக்கும், தயாராக இருங்கள்.

அப்புறம் கடன் கணக்கு போட்டோம். இதைத்தான் நிறைய அப்பாக்கள் போடுவதில்லை. ஆறு லட்சம் எஜுகேஷன் லோன், வருசத்துக்கு ஒன்றரை லட்சமாக நாலு தவணையில் வாங்குகிறோம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம். படிக்கிற நாலு வருசமும் முடிந்து ஒரு வருசமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். தனிவட்டியாகப் போட்டாலே அந்த ஐந்து வருசத்தில் 2 லட்சத்து 10 ஆயிரம் ஏறிவிடுகிறது. ஆக, கட்ட ஆரம்பிக்கும்போது கடன் 8 லட்சத்து 10 ஆயிரம். அதைப் பத்து வருசத்தில் அடைக்க மாதம் 10,700 ரூபாய்ச் சொச்சம். அவளே போனில் தட்டிப் பார்த்தாள். "முதல் சம்பளம் இருபதாயிரம்னா பாதி போயிருமேப்பா" என்று அவளே சொன்னாள். நான் வாயே திறக்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், இருந்தாலும் சொல்கிறேன். எஜுகேஷன் லோனில் 4 லட்சம் வரை நம் பங்காக முன்பணம் எதுவும் போட வேண்டாம். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது, பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். குடும்ப வருமானம் வருசத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது எல்லாக் காலேஜுக்கும் எல்லாப் படிப்புக்கும் பொருந்தாது, மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் பெரும்பாலும் கிடைக்காது. ஏஜென்ட் இதைச் சொல்லவே மாட்டான். அவன் சொன்னது, "லோன் எல்லாம் நாங்களே பண்ணித் தர்றோம் சார்." லோனை அவன் பண்ணித் தருவான், கட்டப்போவது யார்?

கடைசியில் கீம் ஆப்ஷனை அவளே அடுக்கினாள். ஸ்ரீகிருஷ்ணபுரம், திருச்சூர் அரசு காலேஜ்கள், அகத்தேத்தறை என்.எஸ்.எஸ். என்று வரிசை. அக்ஷயா சென்டரில் (கேரளத்து இ-சேவை மையம்) பக்கத்தில் உட்கார்ந்திருந்ததோடு என் வேலை முடிந்தது. அரசு காலேஜ் ஒன்றில் எலெக்ட்ரிக்கல் கிடைத்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை என்பதில் அவளுக்கு இன்னும் ஒரு சின்ன வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. வேலை கிடைக்குமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. முதல் வருசத்துப் பிள்ளையின் வேலையைப் பற்றி இப்போதே ஜோசியம் சொல்லப் போவதில்லை.

இங்கே ஒருவர் வந்து "பொண்ணுதானேன்னு செலவு பண்ணல" என்று எழுதுவார், தெரியும். என் மச்சானே கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்டார். மகனுக்கும் இதே நோட்டுதான். அவன் பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் கஞ்சிக்கோட்டில் வேலைக்குப் போகிறான். கேள்வி கேட்ட மச்சான் தன் பையனுக்கு டொனேஷன் கொடுத்துச் சேர்த்தவர். தோப்பில் பாதி போய்விட்டது. அந்தப் பையனுக்கு அது தெரியவே தெரியாது, மூன்றாவது வருசத்தில் பைக் கேட்டுச் சண்டை போடுகிறான். பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனிடம் யாரும் சொல்லவில்லையே.

"அப்போ பிள்ளையின் கனவு?" என்பார்கள். நான் கனவைத் தடுக்கச் சொல்லவில்லை. நோட்டைப் பார்த்த பிறகும் அவள் கோயமுத்தூர்தான் வேண்டும் என்றிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதையும் முதலிலேயே சொல்லியிருந்தேன். அப்படிச் சொல்லத் தைரியம் இல்லாவிட்டால் நோட்டைத் திறக்காதீர்கள், அது வெறும் மிரட்டலாகிவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் எழுதாமல் போக முடியவில்லை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் படிப்பில் 2021இலிருந்து 7.5 சதவீத ஒதுக்கீடு, அப்படிச் சேர்கிறவர்களின் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் ஆயிரம் ரூபாய். நல்ல திட்டங்கள். ஆனால் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும். மாநில எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் அரசுப் பள்ளியில் பத்து வரை தமிழிலேயே படித்த என் மகளுக்கு இதில் எதுவும் இல்லை. அந்தந்த மாநிலத்துப் பணம் அந்தந்த மாநிலத்துப் பிள்ளைக்கு, நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோயமுத்தூரில் ஒரு ஆபீஸில் விவரம் கேட்கப் போனபோது "நீங்க கேரளாக்காரங்க" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். இங்கே ஒரு ஆபீஸில் சர்டிபிகேட்டுக்கு நின்றால், என் மலையாளத்தைக் கேட்டுவிட்டு "பாண்டியா?" என்று, தமிழர்களைக் கேலியாகச் சொல்லும் வார்த்தையில் கேட்டுச் சிரிக்கிறார்கள். என் தாத்தா இதே மண்ணில் ஏர் ஓட்டியவர். இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் இரவு விடிந்துவிடும், விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஏற்கெனவே எங்காவது அட்வான்ஸ் கட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். இன்ஜினியரிங் காலேஜ் என்றால் ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய கவுன்சில்) விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு முன்னால் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. அசல் சான்றிதழ்களையும் பிடித்து வைக்கக் கூடாது. விலகுவதை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள், ஒரு நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தை ஏஜென்ட் கையில் கொடுத்திருந்தால் அது வேறு கதை. காலேஜ் பெயரில் ரசீது இல்லாவிட்டால் காலேஜ்காரர்கள் "எங்களுக்குத் தெரியாது" என்றுதான் சொல்வார்கள், அதனால் முதல் வேலையாக ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

ஏஜென்ட் நம்பர் கேட்டுக் கமென்ட் போடாதீர்கள், தர மாட்டேன்.