பழைய கணினி எஸ்எம்பிஎஸ்ஸைக் கொண்டு லைப்போ பேட்டரியைச் சார்ஜ் செய்யலாமா?

கேள்வி: பழுதான மேசைக் கணினியிலிருந்து கழற்றிய 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. அதன் 12 வோல்ட் வயர்களை, ட்ரோனில் பயன்படுத்தும் மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியுடன் (2200 மில்லி ஆம்பியர் மணி) நேரடியாக இணைத்துச் சார்ஜ் செய்யலாமா? பைக் பேட்டரிக்கும் அது உதவுமா?

பதில்: நேரடியாக இணைக்கவே கூடாது. எஸ்எம்பிஎஸ் மின்சாரம் தரும் கருவி மட்டுமே. அது சார்ஜர் அல்ல. லைப்போ பேட்டரிக்கு முதலில் மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்திவைத்து, ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டை எட்டும்போது அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இறங்கிப்போன பேட்டரியை மாட்டினால் எத்தனை ஆம்பியர் பாயும் என்பதை வயரின் தடையும் பேட்டரியின் உள்தடையுமே தீர்மானிக்கும். செல்களைச் சமன்படுத்தவும் வழியில்லாததால், மொத்தம் 12 வோல்ட் என்று மீட்டர் காட்டும்போதே ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டியிருக்கக்கூடும். அப்படி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினால் லைப்போ தீப்பிடிக்கக்கூடும். எஸ்எம்பிஎஸ்ஸை அணைத்துவிட்டு பேட்டரியைக் கழற்ற மறந்தால், மின்சாரம் திரும்பிப் பாய்ந்து பேட்டரியையே வடித்துவிடும் வாய்ப்பும் உண்டு.

ஆனால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை வீணாக்க வேண்டியதில்லை. 11 முதல் 18 வோல்ட் வரை உள்ளீடாக ஏற்று, செல்களைச் சமன்படுத்திச் சார்ஜ் செய்யும் பேலன்ஸ் சார்ஜர்கள் கடைகளில் கிடைக்கின்றன. அத்தகைய சார்ஜருக்கு மின்சாரம் தர இது மிகவும் ஏற்றது. உங்கள் பேட்டரியை 2.2 ஆம்பியரில் சார்ஜ் செய்தால் உச்சத்தில் சுமார் 28 வாட் தேவை. சார்ஜரில் வீணாகும் பங்கையும் சேர்த்தால் 12 வோல்ட்டில் 3 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். 450 வாட் என்ற பெரிய எண்ணை நம்பாமல், பெட்டியின் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள்.

பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாகிப் பெரிய கபாசிட்டர்களில் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அபாயகரமானது. வேலை முழுவதையும் வெளியே வரும் வயர்களில், பிளக்கைக் கழற்றிவைத்த நிலையிலேயே செய்துவிடலாம். 24 முள் இணைப்பியில் ஒரே ஒரு பச்சை வயர் இருக்கும் (எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் 16ஆம் முள்). அதை ஒரு சிறு சுவிட்ச் வழியாகக் கறுப்பு வயருடன் சேர்த்து, பிளக்கை மாட்டிச் சுவிட்சைப் போட்டால் விசிறி சுழலத் தொடங்கும். மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு எதிர்முனை. ஒரே வயரில் சுமையை ஏற்றாமல் மூன்று மஞ்சள், மூன்று கறுப்பு வயர்களை இணைத்துச் சால்டர் செய்து, சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடி, சார்ஜருக்குக் கொண்டுசெல்லுங்கள். பயன்படாத வயர் முனைகளைத் தனித்தனியாகக் காப்பிட வேண்டும். சிவப்பும் (5 வோல்ட்) ஆரஞ்சும் (3.3 வோல்ட்) உரசினால் எஸ்எம்பிஎஸ் அணைந்துவிடும்.

பழைய வகைகளில், 5 வோல்ட்டில் சுமை இல்லாவிட்டால் 12 வோல்ட் கீழிறங்கும், சில திடீரென அணைந்துபோகும். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 10 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றை இணைத்தால் அரை ஆம்பியர் ஓடி இந்தக் குறை பெரும்பாலும் தீரும். அந்த மின்தடை நன்றாகச் சூடாகும் என்பதால், பிளாஸ்டிக்கில் படாமல் பெட்டியின் தகட்டில் காற்றோட்டமாகப் பொருத்துங்கள்.

24 வோல்ட் வேண்டுமென்று இரண்டு எஸ்எம்பிஎஸ்களைத் தொடராக இணைக்க முயல வேண்டாம். எதிர்முனை பெட்டியோடும் எர்த்தோடும் இணைந்திருப்பதால் அது நேரடி ஷார்ட்டில் முடியும். மூன்று முள் பிளக்கின் எர்த்தைத் துண்டித்து அதைச் சமாளிப்பது உயிருக்கே ஆபத்து.

பைக்கின் ஈய அமில பேட்டரி நிறைவதற்கு 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வேண்டும் என்பதால் வெறும் 12 வோல்ட் அதை நிரப்பாது. அதே பேலன்ஸ் சார்ஜரில் ஈய அமிலத்துக்கான அமைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். எல்லாம் முடிந்த பின், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் வயரை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 11.4 வோல்ட்டுக்குக் கீழே சென்றால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை ஒதுக்கிவிடுங்கள்.