வீட்டு பிரிண்டரில் போஸ்டர்: நிறம் ஏன் மங்குகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் திருவிழாக் காலம் நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் போஸ்டர் பற்றித்தான். இந்த முறை வந்தவற்றுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கோயில் செயலவைத் தம்பி: அண்ணே, திரையில் அம்மன் புடவை குங்குமச் சிவப்பு. தாளில் செங்கல் நிறம். வேறு மை வாங்கவா?

மையை மாற்றாதீர்கள் தம்பி, தாளை மாற்றுங்கள். சாதாரண ஏ4 தாளில் மை நாருக்குள் இறங்கிவிடும். மேலே தங்கும் மைதான் கண்ணுக்கு நிறமாகத் தெரியும். மை தெளித்து அடிக்கும் இன்க்ஜெட் பிரிண்டருக்கென்றே பூச்சு பூசிய மேட் (பளபளப்பில்லாத) தாள் வாங்குங்கள். எந்தப் பக்கம் பூச்சு என்று தெரியாவிட்டால், விரலை லேசாக ஈரமாக்கி ஓரத்தைத் தொடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டும் பக்கத்தில்தான் அடிக்க வேண்டும்.

அப்புறம், பிரிண்ட் செட்டிங்கில் தாள் வகையையும் மாற்றுங்கள். பலர் தவறுவது இங்கேதான். எவ்வளவு மை விடுவது என்பதை பிரிண்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ஒரே படத்தை ஒரே மேட் தாளில் இரண்டு செட்டிங்கிலும் அடித்துப் பார்த்தேன். சரியான செட்டிங்கில் மாலையின் சாமந்தி ஒவ்வொரு இதழாகத் தெரிந்தது. 'சாதாரணத் தாள்' என்று விட்டதில் அதே மாலை வெளிறிய மஞ்சள் கோடு.

அதே தம்பி: இப்போது சிவப்பு முழுக்க மஞ்சளாக வருகிறதே?

மெஜெந்தா (கருஞ்சிவப்பு கலந்த ரோஜா நிற) மை வரும் துளை அடைத்திருக்கிறது. மெஜெந்தாவும் மஞ்சளும் சேர்ந்தால்தான் சிவப்பு. மைத் துளைகளைச் சோதிக்கும் கோடுகளை, அதாவது நாசில் செக், அடித்துப் பாருங்கள். கோடு விட்டிருந்தால் இரண்டு முறை ஹெட் கிளீனிங் (துளைகளைச் சுத்தம் செய்யும் கட்டளை) கொடுத்து, சில மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். விடாமல் கிளீனிங் கொடுத்தால் மைதான் வீண்.

தமிழ்ப்பள்ளி டீச்சர்: படத்தை சிஎம்ஒய்கேவுக்கு (அச்சு மைகளின் நான்கு நிற முறைக்கு) மாற்றி அடிக்கவா?

வேண்டாம் டீச்சர். வீட்டு பிரிண்டர் ஆர்ஜிபி (திரையின் சிவப்பு, பச்சை, நீல முறை) படத்தை வாங்கித் தானே மை நிறங்களாகப் பிரித்துக்கொள்ளும். வழக்கமான ஆர்ஜிபி வகையான எஸ்ஆர்ஜிபியிலேயே விடுங்கள். ஆனால் திரையில் ஒளிரும் அந்தக் கிளிப்பச்சை தாளில் வராது. திரை ஒளியை வீசுகிறது, தாள் விழும் ஒளியைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். கொஞ்சம் அடர்ந்த பச்சையை எடுத்து, சுற்றிலும் கருநீலம் வையுங்கள். பச்சை எடுப்பாகத் தெரியும்.

மளிகைக் கடை அக்கா: வாட்ஸ்அப்பில் வந்த படம் மங்கலாக வருகிறது, தம்பி.

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும்; அனுப்பியவரிடம் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அக்கா. ஏ3 அளவுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3508 x 4961 பிக்சல் வேண்டும். சுவரில் எட்டி நின்று பார்க்கும் போஸ்டருக்கு அதில் பாதி, 1754 x 2480 இருந்தாலே போதும்.

செயலவைத் தம்பி மறுபடியும்: இன்க்ஜெட் பளபளப்புத் தாளை ஆபீஸ் லேசர் பிரிண்டரில் போடலாமா?

கூடவே கூடாது. லேசரின் சூட்டில் பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும்.

ஓய்வு பெற்ற செம்பனைத் தோட்டக் கிராணி: போன வருடப் போஸ்டர் வெயிலில் வெளுத்துவிட்டது, மழையில் கரைந்தும் போனது.

அது டை மை (நீரில் கரையும் சாய மை) ஐயா. நிறம் அழகு, வெயிலும் நீரும் ஆகாது. பிக்மென்ட் மை (கரையாத நிறத்துகள் கொண்ட மை) இரண்டையும் கூடுதலாகத் தாங்கும். டை மைதான் இருக்கிறது என்றால் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, லேமினேட் செய்து, கூரைக்கு அடியில் ஒட்டுங்கள். மீதித் தாளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்று பட்ட தாளில் அடுத்த முறை மை கசியும்.