தகதகிட: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலையில் வேலை. சீசனில் நைட் ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்தால் ரேடியோஹெட் என்கிற இங்கிலாந்து ராக் பேண்டைக் கேட்டால்தான் தூக்கம். அவர்களின் 'இன் ரெயின்போஸ்' ஆல்பம் எத்தனை முறை ஓடியிருக்கும் என்று கணக்கில்லை. ஆனால் எனக்கு இங்கிலீஷ் பாதிக்குமேல் பிடிபடாது. ரூமில் இருக்கும் அண்ணன், "அர்த்தம் தெரியாம என்னடா தலையாட்டுற, சீன் போடுறியா?" என்கிறார். முதல் பாட்டுக்குக் காலால் தாளம் போட்டால் ஒவ்வொரு தடவையும் தப்புகிறது. நிஜமாகவே பிடித்துத்தான் கேட்கிறேனா சார்?

ச., கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள ச.,

சீன் போடுகிறவனுக்குத் தாளம் தப்புவது தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தப்பு உங்கள் காலில் இல்லை. நீங்கள் சொல்கிற அந்த முதல் பாட்டு, '15 ஸ்டெப்', ஐந்து எண்ணிக்கையில் போகிற பாட்டு. சினிமாப் பாட்டில் பழகிய கால் நாலு எண்ணித் திரும்பிவிடும். பாட்டுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கும். தகதகிட, தகதகிட என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கேளுங்கள். கைதட்டல் மாதிரி மெஷின் சத்தம் உதறிக்கொண்டு ஓடும். கொஞ்சம் கழித்து பேண்டின் கிடாரிஸ்ட் ஜானி கிரீன்வுட்டின் கிடார் அவசரமே இல்லாமல் உள்ளே வரும். அந்த இடத்தில் ஐந்து என்பதே மறந்துபோகும். பிள்ளைகள் கூட்டமாகக் கத்துகிற இடத்தில் நான் இன்றைக்கும் சிரித்துவிடுவேன்.

(அந்த ஆல்பத்தை 2007 அக்டோபரில் தங்கள் இணையதளத்திலேயே வைத்து, பாட்டைக் கேட்கிறவரே விலை போட்டுக்கொள்ளட்டும் என்றார்கள். ராயக்கோட்டைத் தக்காளிக்கும் விலை வாங்குகிறவர் போடுவதுதான். என்ன, இங்கே விளைவித்தவரை யாரும் கேட்பதில்லை.)

அர்த்த விஷயத்துக்கு வருகிறேன். நான் பென்னாகரம் பக்கத்துக்காரன். சின்ன வயதில் கூத்துக்குப் போனால் கடைசியில்தான் பாய் போட இடம் கிடைக்கும். ராத்திரி இரண்டு மணிக்குத் துரியோதனன் என்ன பாடினான் என்று ஒரு சொல்லும் காதில் விழாது. முகவீணை வரும், பின்னாலேயே மிருதங்கம். ஆள் அழுகிறானா, சவால் விடுகிறானா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அத்தனையும் தமிழ்தான். எங்களை யாரும் சீன் என்று சொன்னதில்லை.

2000-இல் வந்த 'கிட் ஏ' ஆல்பத்துக்குப் பாடகர் தாம் யார்க் வரிகளைத் துண்டுத் துண்டாகச் சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டு எடுத்தார். அவர்கள் ஊரான ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து கேட்பவருக்கும் அதில் அர்த்தம் சுலபத்தில் கிடைத்துவிடாது. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

அதற்காகச் சொல்லே வேண்டாம் என்று விடவும் மனசில்லை. 1997-இல் வந்த 'நோ சர்ப்ரைசஸ்' காதுக்குத் தாலாட்டு. வரிகளைத் தேடிப் படித்தால், ஒருவனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கிற வேலையைப் பற்றிப் பாடிக்கொண்டிருப்பார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்த அன்றைக்குப் படிக்காதீர்கள், லீவு நாளில் படியுங்கள்.

ஐந்து பிடிபட்டதும் 'எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ்' போடுங்கள். அது பத்து. இயர்போனில் ஒன்றை அண்ணனுக்குக் கொடுத்து, அவரையே எண்ணச் சொல்லுங்கள்.