அந்தமானில் குடும்பத்தோடு ஸ்கூபா: கேட்டவையும் சொன்னவையும்

ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் த்வீப்) ஆறு வருடமாக ஸ்கூபா (முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் போவது) பயிற்றுநராக இருக்கிறேன். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வரப் போகிறவர்கள் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, எனக்கும் மனைவிக்கும் நீச்சலே தெரியாது. இறங்க முடியுமா? (மதுரை)

முடியும். முதல்முறை வருகிறவர்களுக்கான டைவில் (ஒருமுறை கீழே போய் வருவதுதான் ஒரு டைவ்) பயிற்றுநர் உங்களைப் பிடித்துக்கொண்டே வருவார். மேலே வருவது, கீழே போவது, திரும்புவது எல்லாம் அவர் கையில். நீங்கள் வாயால் நிதானமாக மூச்சுவிட்டு, காதைக் கவனித்தால் போதும். முதலில் இடுப்பளவு தண்ணீரில் பழக்குவார்கள். அங்கே அவசரப்படாதீர்கள். வாய்க்குள் தண்ணீர் போனால் எப்படித் துப்புவது, கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி எப்படி வெளியேற்றுவது என்று இரண்டு மூன்று தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இறங்கும் முன் ஒன்று கேளுங்கள்: "ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்?" நீச்சல் தெரியாதவர் என்றால் ஒருவருக்கு ஒருவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

பையனுக்கு 8 வயது, பெண்ணுக்கு 11. இரண்டு பேரும் அடம் பிடிக்கிறார்கள். (திருச்சி)

பெண் வரலாம், பையன் இன்னும் கடலில் இறங்க முடியாது. 'பாடி' (PADI) என்ற சர்வதேச ஸ்கூபா பயிற்சி அமைப்பின் விதிப்படி கடலில் முதல் டைவுக்குக் குறைந்தது 10 வயது ஆகியிருக்க வேண்டும், ஆழம் 12 மீட்டருக்கு மேல் கூடாது. 8 வயதுக் குழந்தைகளுக்கு 2 மீட்டருக்குள் நீச்சல்குளத்தில் பழக்கும் முறை தனியாக இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் இருக்காது. "நாங்கள் வயதெல்லாம் பார்ப்பதில்லை சார்" என்று யாராவது சொன்னால் அங்கே பெரியவர்களும் இறங்க வேண்டாம். பையனை எலிஃபென்ட் பீச்சில் லைஃப் ஜாக்கெட்டோடு ஸ்நார்க்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி மேலே மிதந்தபடியே பார்ப்பது) கூட்டிப் போங்கள். ஆழமில்லாத இடத்திலேயே மீன்கள் காலைச் சுற்றும்.

பெண் விஷயத்தில் ஒன்றை மனதில் வையுங்கள். தண்ணீருக்குள் இறங்கியதும் "வேண்டாம்" என்று அவள் சொன்னால், அந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். "காசு கட்டியாச்சு", "அந்தப் பையன் போறான் பார்" என்று படகிலிருந்து அப்பாக்கள் சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பயந்த குழந்தை நீருக்கடியில் மூச்சை அடக்கும். ஸ்கூபாவில் செய்யவே கூடாதது அதுதான். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியலாம், ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து வந்தாலும் அந்த ஆபத்து உண்டு. அதனால்தான் பயத்தோடு யாரையும் கீழே கூட்டிப் போக நான் சம்மதிப்பதில்லை.

காது வலிக்கும் என்கிறார்களே, நிஜமா? (கோவை)

சரியாகச் செய்தால் வலிக்காது. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும்போது பேருந்தில் காது அடைக்கும் இல்லையா, அதேதான். ஆனால் அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிற மாற்றம் இங்கே சில நொடிகளில் ஆகிவிடும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைவிட இரண்டு மடங்கு. முதல் நான்கைந்து மீட்டரில்தான் காதுக்கு வேலை அதிகம்.

மாஸ்க்கின் மேலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக ஊதுங்கள். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். வலி வந்த பிறகு செய்வதில் பயனில்லை, ஒவ்வொரு மீட்டருக்கும் முன்கூட்டியே செய்ய வேண்டும். சத்தம் வரவில்லை என்றால் காதைக் காட்டி, கையை ஆட்டிச் சைகை செய்யுங்கள். பயிற்றுநர் ஒரு மீட்டர் மேலே கூட்டி வந்து மறுபடி ஊதச் சொல்வார். பலமாக ஊத வேண்டாம், செவிப்பறைக்கு ஆபத்து.

சளி இருந்தால் இறங்கவே வேண்டாம். பழகிய புதிதில் மூக்கடைப்போடு நான் இறங்கினேன். மேலே வந்தபோது மாஸ்க்குக்குள் ரத்தம். இரண்டு வாரம் வலது காது மந்தமாகவே இருந்தது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் சரியில்லை, பாதியில் மருந்தின் வேகம் குறைந்தால் மேலே வரும்போது காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும்.

கடைசி நாள் காலை 7 மணிக்கு ஸ்கூபா, அப்புறம் ஃபெர்ரி, மதியம் சென்னைக்கு விமானம். இப்படித் திட்டம் போட்டிருக்கிறோம், சரியா? (சென்னை)

சரியில்லை. தயவுசெய்து இன்றே மாற்றுங்கள். சிலிண்டரில் இருப்பது வெறும் ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். அது நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்றுதான், அதில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழத்தில் அது உடம்பில் கரைகிறது, மேலே வந்த பிறகு மெதுவாக வெளியேறுகிறது. அது வெளியேறி முடிவதற்குள் விமானத்தில் ஏறினால், கோலி சோடாவைத் திறந்தது போல ரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழிகள் உண்டாகலாம். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு, ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் இருப்பது போல.

ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். குடும்பங்களுக்கு நான் எப்போதும் ஒரு முழு நாளே சொல்வேன். ஹேவ்லாக் வந்த மறுநாள் காலையே டைவை வைத்துக்கொள்ளுங்கள், ராதாநகர் கடற்கரையும் நீல் தீவும் அப்புறம். கடல் கொந்தளித்து ஃபெர்ரி ரத்தானாலும் டைவ் கை நழுவாது.

தம்பி, எனக்கு 64 வயது. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். பேத்தியோடு நானும் இறங்க ஆசை. (தஞ்சாவூர்)

அம்மா, வயது மட்டும் தடையில்லை. ஆனால் கிளம்பும் முன் ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் ஸ்கூபா என்று தெளிவாகச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கி வாருங்கள். இங்கே ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். அதிலுள்ள கேள்விகளில் ஒன்றுக்கு 'ஆம்' என்று எழுதினாலும் டாக்டர் கடிதம் கேட்பார்கள். அது இல்லாமல் திரும்பிப் போக வேண்டியிருக்கிறதே என்று பலர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிடுகிறார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவைச் சிகிச்சை எதையும் மறைக்க வேண்டாம். தண்ணீருக்கடியில் உங்களுக்கு ஏதாவது ஆனால், எதனால் என்று உங்கள் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும்.

கர்ப்பமாக இருப்பவர்கள் இறங்கக் கூடாது. மாதவிடாய் நாளில் இறங்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக இறங்கலாம். சுறா வரும் என்பது வெறும் பயம்.

மீசை வைத்திருக்கிறேன். மாஸ்க்கில் தண்ணீர் புகுமா? (திருநெல்வேலி)

கொஞ்சம் புகும். மூக்குக்குக் கீழே மெல்லிய ஒரு கோடு மட்டும் மழித்தால் மாஸ்க் ஒட்டிக்கொள்ளும், மீசையும் இருக்கும்.

தாலியைக் கழற்ற வேண்டுமா? (ஈரோடு)

கயிறோ மெல்லிய சங்கிலியோ என்றால் வெட்சூட்டுக்குள் (தண்ணீருக்குள் போடும் இறுக்கமான உடை) போட்டுக்கொள்ளலாம். கனமான சங்கிலி, வளையல், மோதிரம் எல்லாம் அறையில் பத்திரமாக இருக்கட்டும். தண்ணீரில் விரல் சுருங்கி மோதிரம் கழன்றுவிடும். மெட்டி, காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னுக்குள் அழுத்தும்.

எந்த மாதம் நல்லது?

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. பிப்ரவரிக்குப் பிறகு கடல் அமைதியாக இருக்கும். பள்ளி விடுமுறைக்கு வருகிறவர்கள் ஏப்ரல் கடைசிக்குள் வரப் பாருங்கள், மே பாதிக்கு மேல் மழையும் காற்றும் தொடங்கிவிடும்.

சைகை ஏதாவது கற்றுக்கொண்டு வர வேண்டுமா? (சேலம்)

அங்கேயே சொல்லித் தருவார்கள். ஒன்று மட்டும் இப்போதே பழகுங்கள்: கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் தண்ணீருக்குள் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'மேலே போகலாம்' என்று அர்த்தம். ஆமையைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைவிரலைத் தூக்கி, அந்த நிமிடமே மேலே வந்துவிட்ட அப்பாக்கள் உண்டு. நன்றாக இருக்கிறது என்றால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டுங்கள்.

சங்கு, பவளத் துண்டு நினைவுக்கு எடுத்து வரலாமா?

கூடாது. செத்த பவளத் துண்டும் கூடாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கிறது. விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். கடலுக்குள்ளும் எதையும் தொட வேண்டாம். அதிகம் சூடேறிய கடலில் பவளம் வெளுத்துப்போய், 2010-இல் இங்கே நிறையச் செத்தது. மிச்சம் இருப்பது மெல்ல மெல்ல மீண்டு வருகிறது, அதன்மேல் ஒரு கால் மிதி விழுந்தாலும் எனக்கு மனசு தாங்காது.

மாமா, நான் ஏழாவது படிக்கிறேன். கீழே போனால் முதலில் என்ன பார்ப்பேன்? (காரைக்குடி)

பார்ப்பதற்கு முன்னால் கேட்பாய், கண்ணு. 'கறுக் கறுக்' என்று முறுக்கு கடிப்பது போல ஒரு சத்தம் வரும். கிளிமீன் அலகால் பவளத்தைச் சுரண்டித் தின்கிற சத்தம் அது. தின்ற பவளத்தை அது மணலாக வெளியே விடும். கடற்கரையில் நீ வீடு கட்டுகிற வெள்ளை மணலில் அதுவும் கலந்திருக்கும். அப்புறம் உன் கையைப் பார். எல்லாம் உண்மையைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். சிவப்புச் சட்டை ஏதாவது இருந்தால் ஐந்தாறு மீட்டரிலேயே மங்கிப் பழுப்பாகிவிடும், தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும். கடல் சாமந்தி என்கிற, பூப்போல இருக்கும் கடல் உயிரிக்குள் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் குடும்பம் ஒன்று எட்டிப் பார்க்கும். அதில் பெரியதாக இருப்பது அம்மா. அம்மா இல்லாமல் போனால் அப்பா மீனே பெண்ணாக மாறி அம்மா ஆகிவிடும். கையை நீட்டாமல் ஒரு நிமிடம் அசையாமல் இரு, அந்தச் சின்ன மீன் உன் மாஸ்க் வரைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போகும்.